நாய்க்கு டிக் ஃபீவர். வீட்டில் மண்ணீரல் இல்லாத பெரியவர்

கேள்வி: கோல் மார்க்கெட் பக்கத்தில் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வளர்த்தோம், இப்போது மூன்று வயது. ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல், ஈறெல்லாம் வெளுத்துவிட்டது. டாக்டர் 'டிக் ஃபீவர், ரத்தத்தில் ஒட்டுண்ணி' என்று ஊசி போட்டார். குழந்தைகளுக்குத் தொற்றுமா? விபத்தில் அடிபட்டு மாமனாருக்கு மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். 'நாயை எங்காவது விட்டுவிட்டு வா' என்று அவர் பிடிவாதமாக இருக்கிறார். என்ன செய்யட்டும்?
– வாசகி, கோல் மார்க்கெட், புது தில்லி

பதில்: நாயை விட வேண்டாம். ஆனால் டாக்டரிடம் திரும்பிப் போய், 'எந்தக் கிருமி?' என்று கேளுங்கள். உண்ணிக் கடியால் நாய்க்கு வரும் நாலைந்து நோய்களை ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அவற்றுக்கு மருந்து ஒன்றல்ல.

எர்லிக்கியா என்பது ஒட்டுண்ணியே அல்ல, வெள்ளை அணுக்களில் குடியேறும் பாக்டீரியா. அதற்கு டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 28 நாள். நாய் எழுந்து ஓடுகிறதே என்று பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். பெபீசியா வேறு. மலேரியாக் கிருமியைப் போலச் சிவப்பணுவுக்குள் புகுந்து, பெருகி, உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஈறு வெளுப்பதும், சிறுநீர் காபி நிறத்தில் போவதும் அதனால்தான். அதிலும் பெரிய வகையான வோகெலிக்கு இமிடோகார்ப் ஊசி நன்றாகக் கேட்கும். சிறிய வகையான கிப்சனிக்கு அதே ஊசி சரியாகக் கேட்காது. அட்டோவாகுவோனும் அஸித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், செலவும் கூடுதல். அதனால்தான் காது மடல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடு பார்க்காமல் ஊசி போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஸ்லைடில் தெரியவில்லை என்றாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் பி.சி.ஆர். செய்யச் சொல்லுங்கள்.

கிப்சனிக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1910-ல் இந்திய மருத்துவப் பணியில் இருந்த டபிள்யூ. எஸ். பேட்டன் அதை உலகுக்கு முதலில் விவரித்தது மெட்ராஸில்தான். வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கு வைத்திருந்த 'மெட்ராஸ் ஹன்ட்' நாய்களின் ரத்தத்தில் கண்டார். பிறகு நரிகளிடமும் அதுவே இருந்தது. தில்லியில் கதை மாறுகிறது. தில்லி, மும்பை, சிக்கிம், லடாக் பகுதிகளில் 525 தெரு நாய்களையும் காப்பக நாய்களையும் பி.சி.ஆர். முறையில் சோதித்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. அதில் கிப்சனி ஒரு சதவீதம்கூட இல்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு நாய்க்கு எர்லிக்கியா இருந்தது. அதையும் விட அதிகம் ஹெபட்டோசூன், சுமார் 30 சதவீதம். இது உண்ணி கடித்து வருவதில்லை. உடம்பைக் கடித்துச் சொறியும்போது நாய் உண்ணியை விழுங்கிவிடுகிறது, அப்படித்தான் உள்ளே போகிறது. உங்கள் தெருவில் எடுத்த நாய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிருமி சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.

நாய்க்கு மருந்து கொடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. பழுப்பு நாய் உண்ணி காட்டுப் பூச்சி அல்ல, வீட்டுப் பூச்சி. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ கதவு நிலை இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பழைய குவார்ட்டர்ஸ் சுவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விரிசலைப் பூசுங்கள். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் போடுங்கள். உண்ணியைத் தடுக்கும் மெல்லும் மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. வலிப்பு வந்த நாயானால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி, விரலால் நசுக்குவது எதுவும் வேண்டாம். பெபீசியா நாய்க்குள் இறங்க உண்ணி பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் ஒட்டியிருக்க வேண்டும். தினமும் மாலையில் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தடவிப் பார்ப்பதால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். எர்லிக்கியாவுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

கேள்வி (அதே வாசகி): மனிதருக்கு வராது என்று நிச்சயமாகச் சொல்லலாமா?

பதில்: நாயைத் தொடுவதால், கொஞ்சுவதால் இவை எதுவும் வராது. நாயின் பெபீசியா மனிதரை நோயில் தள்ளியதற்கு உறுதியான சான்று இல்லை. மனிதருக்கு வருவது வேறு இனங்கள். அமெரிக்காவில் எலியிடமிருந்து வரும் மைக்ரோட்டி அவற்றில் முக்கியமானது. அங்கே ரத்ததானம் வழியாகவும் பரவியதால், 2019 முதல் சில மாநிலங்களில் தானமாக வரும் ரத்தத்தை இதற்காகச் சோதிக்கிறார்கள். இந்தியாவில் மனித பெபீசியா மிக அரிது. 2005-ல் ஒரு நோயாளி பற்றிய குறிப்பு மருத்துவ இதழில் வந்தது. எர்லிக்கியா கேனிஸ் வெனிசுவேலாவில் சில மனிதர்களிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் குழந்தைக்கு உண்ணி கடித்தபின் காய்ச்சலும் தடிப்பும் வந்தால், டாக்டர் முதலில் நினைக்க வேண்டியது ரிக்கெட்சியா வகையான உண்ணிக் காய்ச்சலை. கடித்த விஷயத்தை நீங்கள் சொன்னால்தான் அவருக்கு அந்த நினைப்பு வரும்.

மாமனார் விஷயம் தனி. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, காரணம்தான் வேறு. கெட்டுப்போன சிவப்பணுக்களை வடிகட்டுவது மண்ணீரலின் வேலை. யுகோஸ்லாவியாவில் பெபீசியாவால் இறந்ததாக 1957-ல் பதிவான மனிதர், அதாவது உலகில் முதலில் பதிவானவர், மண்ணீரல் இல்லாதவர். ஆனால் உங்கள் வீட்டில் நான் அஞ்சுவது உண்ணியை அல்ல, நாயின் எச்சிலை. நல்ல ஆரோக்கியமான நாயின் வாயிலும் கேப்னோசைட்டோஃபாகா என்ற பாக்டீரியா இருக்கும். நமக்கெல்லாம் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மண்ணீரல் இல்லாதவருக்குச் சின்னக் கடியோ, காயத்தின்மேல் ஒரு நக்கலோ போதும், ஓரிரு நாளில் ரத்தமே நஞ்சாகிவிடலாம். ஆகவே நாய் வீட்டில் இருக்கட்டும், அவர் கட்டிலுக்கு வர வேண்டாம். உண்ணி எடுக்கும் வேலையும் அவருக்கு வேண்டாம். நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று பாருங்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டுக் கழுவி, வெறிநாய்க்கடி ஊசிக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடி இல்லாமலே காய்ச்சல் வந்தாலும் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆர்.எம்.எல்., லேடி ஹார்டிங் இரண்டும் உங்களுக்குப் பக்கம்தான். உள்ளே நுழைந்ததும் 'இவருக்கு மண்ணீரல் இல்லை' என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லுங்கள்.