ஒளியினாற் பொருளறிதல்

விண்மீன்களின் தூரத்தையும் பருமனையும் இயக்கத்தையும் மனிதன் அறியக்கூடுமாயினும், அவை எப்பொருள்களால் ஆயின என்பதை எக்காலத்தும் அறியமாட்டான் என்னும் கருத்தைப் பிரெஞ்சுத் தத்துவஞானி ஓகஸ்ட் கொம்ற் 1835ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்காலத்து அறிவுக்கு அது பொருந்திய கூற்றே. ஒரு பொருளின் கூறுகளை அறிதற்கு அதனைக் கையில் எடுத்தல் வேண்டும். அமிலத்திற் கரைத்தல் வேண்டும். வீழ்படிவாக்கி, வடித்து, உலர்த்தி, நிறுத்தல் வேண்டும். விண்மீனைச் சோதனைக் குழாயில் இடுவார் யார்? ஆயினும் கால் நூற்றாண்டு நிறைவதற்குள் அக்கூற்றுப் பொய்த்தது. பொய்ப்பித்தது ஒளி.

ஒளி பொருளைச் சார்ந்து நிகழ்த்தும் செயல்களுள் இரசாயனப் பகுப்பிற்கு இன்றியமையாதன மூன்று. அவை காலல், உறிஞ்சல், சிதறல் என்பன. இவற்றை முறையே நோக்குவாம்.

அடுப்பிற் பொங்கிய உப்புநீர் தீயிற் சிந்தும்போது சுடர் மஞ்சள் நிறமாவதைக் கண்டிராதார் இலர். உப்பிலுள்ள சோடியமே அந்நிறத்திற்குக் காரணம். இலிதியம் செந்நிறத்தையும், பொற்றாசியம் இளஊதாவையும், பேரியம் பச்சையையும் சுடருக்கு அளிக்கும். ஆனால், பல மூலகங்கள் கலந்திருப்பின் சோடியத்தின் மஞ்சள் ஏனையவற்றை மறைத்துவிடும். ஜேர்மனியின் ஐடல்பேர்க் நகரில் பன்சன், கேர்க்கோவ் என்னும் இருவரும் 1859ஆம் ஆண்டில் இவ்விடர்ப்பாட்டை நீக்கினர். சுடரின் ஒளியை அவர்கள் அரியமொன்றினூடு செலுத்தினர். அப்போது ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கோடுகளைத் தனக்கே உரிய இடங்களிற் காட்டிற்று. சோடியத்தின் இரு மஞ்சட் கோடுகள் 589.0, 589.6 நனோமீற்றர் அலைநீளங்களில் உள்ளன. எந்நாட்டு உப்பை எடுப்பினும் அவை இடம் மாறா. ஊற்றுநீரொன்றை ஆராய்ந்த அவர்கள், அறியப்பட்ட எம்மூலகத்திற்கும் உரியனவல்லாத இரு நீலக் கோடுகளைக் கண்டு, 1860இற் சீசியம் என்னும் புதிய மூலகத்தை அறிவித்தனர். அதன் உப்பைச் சில கிராம் பெறுதற்கு ஏறத்தாழ 44,000 இலீற்றர் நீரை வற்றச்செய்ய வேண்டியதாயிற்று. ஒளியோ சில துளிகளிலேயே அதனைக் காட்டிவிட்டது.

கோடுகள் இவ்வாறு தனித்தனியே தோன்றுவதேன்? ஐதரசன் அணுவைக்கொண்டு நீல்ஸ் போர் 1913ஆம் ஆண்டில் இதற்கு விளக்கம் தந்தார். படிக்கட்டில் ஏறுவோன் படிகளில் நிற்கலாமேயன்றி இரு படிகளுக்கு நடுவே நிற்றல் இயலாது. அணுவிலுள்ள இலத்திரனுக்கும் சக்திப் படிகள் சிலவே உள. மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு வருங்கால், அவ்விரண்டின் சக்தி வேறுபாட்டிற்கு இணையான ஒளியை அணு காலும். கீழிருந்து மேலேற அதே அளவான ஒளியை உறிஞ்சும். படிகளின் அமைப்பு மூலகத்திற்கு மூலகம் வேறாதலின் கோடுகளும் வேறாகின்றன.

ஒரு மூலகம் காலும் ஒளியையே அது உறிஞ்சவும் வல்லது என்பதால், ஞாயிற்றின் நிறமாலையில் பிரௌன்கோபர் 1814இற் கண்ட நூற்றுக்கணக்கான கருங்கோடுகளின் பொருள் விளங்கிற்று. ஞாயிற்றின் உள்ளிருந்து வரும் ஒளியை அதன் வெளிப்புற வாயுக்கள் உறிஞ்சிய சுவடுகளே அவை. 1868ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆந் திகதி நிகழ்ந்த பூரண கிரகணத்தை, ஆந்திர நாட்டுக் குண்டூரில் இருந்து ஜான்சன் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆராய்ந்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் இங்கிலாந்தில் லொக்கியர், கிரகணமின்றியே ஞாயிற்றின் விளிம்பை நோக்கி, அங்குத் தோன்றிய மஞ்சட் கோடொன்று சோடியத்தின் கோடுகளோடு பொருந்தாமையைக் கண்டார். அதற்குரிய மூலகமே ஈலியம். பூமியில் அதனை இராம்சே பிரித்தெடுத்தது 1895ஆம் ஆண்டிலாகும்.

இதுவரை கூறியது ‘யாது உளது’ என்னும் வினாவிற்கு விடை. ‘எவ்வளவு உளது’ என்பதற்கும் ஒளியே விடை தரும். பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசல் பச்சை ஒளியை உறிஞ்சுவதால் ஊதாநிறமாகத் தோன்றுகின்றது. அதன் ஒரு சென்ரிமீற்றர்த் தடிப்பு, வந்த பச்சை ஒளியிற் பாதியைச் செல்லவிடுமாயின், இரண்டாம் சென்ரிமீற்றர் எஞ்சியதிற் பாதியையே விடும்; முடிவிற் காற்பங்கே வெளிவரும். தடிப்பை மாற்றாது செறிவை இருமடங்காக்கினும் விளைவு அதுவே. தடிப்பைப் பற்றி பூகேயும் இலம்பேட்டும் கூறியதனோடு செறிவைப் பற்றி 1852இல் பியர் கூறியதும் சேர்ந்து இவ்விதியாயிற்று. மடக்கையாற் கணிக்கும் உறிஞ்சளவு செறிவுக்கு நேர்விகிதசமமாகும். எனவே, செறிவு தெரிந்த சில கரைசல்களை அளந்து நேர்கோடொன்று வரைந்துகொண்டால், தெரியாத கரைசலின் செறிவை அக்கோட்டிலிருந்து வாசிக்கலாம். செறிவு மிகுந்தவிடத்து இவ்விதி வழுவுமாதலின் கரைசல் ஐதாக இருத்தல் வேண்டும்.

கண் காணும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள ஒரு சிறு பகுதியே. நிறமற்ற பொருள் இப்பகுதியை உறிஞ்சாதாயினும் வேறு பகுதியை உறிஞ்சக்கூடும். நம் குடாநாட்டுச் சுண்ணக்கற் கிணற்று நீரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தோட்டத்து உரத்திலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்று அந்நீரைச் சென்றடைகின்றது. அது மிகுந்தால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறையும். இலீற்றருக்கு 50 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. பளிங்குபோல் தெளிந்த நீரில் இதனைக் கண்ணாலோ நாவாலோ அறிதல் இயலாது. ஆனால், 220 நனோமீற்றர் ஊதாக்கடந்த கதிரை நைத்திரேற்று வலிதாக உறிஞ்சும். நீரிற் கரைந்த சேதனப் பொருள்களும் அக்கதிரை உறிஞ்சுமாதலால், நைத்திரேற்று உறிஞ்சாத 275 நனோமீற்றரில் மற்றுமோர் அளவை எடுத்து, அதன் இருமடங்கை முதல் அளவையிலிருந்து கழிப்பர். கருவி ஓர் எண்ணைத் தரும். அவ்வெண் எப்பொருளுக்கு உரியது எனத் துணிதல் ஆய்வாளன் கடமை.

மூன்றாவது சிதறல். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சேர். சி. வி. இராமன், கே. எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவில் ஆராய்ந்து, 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆந் திகதி கண்ட உண்மை இது. மூலக்கூறுகளாற் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி, அவற்றின் அதிர்வோடு சக்தியைக் கொண்டும் கொடுத்தும் அலைநீளம் மாறி வருகின்றது. அம்மாற்றத்தால் மூலக்கூற்றின் பிணைப்புக்களை அறியலாம். செந்நிறக்கீழ்க் கதிரை நீர் பெரிதும் உறிஞ்சித் தடைசெய்யும். இராமன் சிதறலில் அத்தடை குறைவு. ஆகவே, நீர்க்கரைசல்களை ஆராய இம்முறை சிறந்தது. இதற்கே 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

அறியவே முடியாதென்று கொம்ற் விதித்த எல்லையை உடைத்தவை ஒரு சுடரும் ஓர் அரியமுமே. இன்று ஆய்வுகூடத்திற் சுடரின் நிறத்தைப் பார்த்துக் குறிப்பெழுதும் மாணவர், பரீட்சைக்குரிய சிறு பயிற்சியென அதனை எண்ணற்க. விண்மீனின் இயல்பை உணர்த்திய அதே முறையே தம் வீட்டுக் கிணற்றின் நீரையும் ஆராய உதவும் என்பதை நினைவிற் கொள்க.