கண்ணெதிரே இருக்கும் ஃபைலைக் காணவில்லையாம்!

கேள்வி: பைதான் ஸ்கிரிப்டை ஓட்டினால் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று வருகிறது. மார்க் ஃபைலும் ஸ்கிரிப்டும் ஒரே ஃபோல்டரில்தான் இருக்கின்றன. என்ன செய்வது? – கல்லூரி மாணவி, அறந்தாங்கி.

ஃபைல் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடம்தான் வேறு. வெறும் பெயரைக் கொடுத்தால், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில் பைதான் தேடாது. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ, அங்கேதான் தேடும். ‘அடுத்த தெரு’ என்றால் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் நிற்பவருக்கு ஒன்று, அறந்தாங்கியில் நிற்கும் உங்களுக்கு வேறு அல்லவா?

விண்டோஸ் என்றால் அந்த ஃபோல்டரைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் ‘சிஎம்டி’ என்று அடித்து என்டர் தட்டுங்கள். திரை அங்கேயே திறக்கும். அதிலிருந்து ஓட்டுங்கள். பெரும்பாலும் இத்தோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ஃபைல் பெயரின் வாலைப் பாருங்கள். விண்டோஸ் அதை மறைத்து வைக்கும். நோட்பேடில் சேமித்தது ‘மார்க்.சிஎஸ்வி.டிஎக்ஸ்டி’ ஆகியிருக்கலாம். வியூ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ டிக் செய்தால் குட்டு வெளிப்படும்.

முழுப் பாதையைக் கொடுப்பதானால் ‘\’ வேண்டாம், ‘/’ போடுங்கள். ‘சி:\யூசர்ஸ்’ என்று எழுதினால், அந்த ‘\யூ’வை யூனிகோட் குறியீடாக எண்ணிக்கொண்டு பைதான் வேறொரு பிழையைக் கிளப்பும்.

பைதானை அழித்துவிட்டு மறுபடி நிறுவச் சொல்லும் நண்பர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.