சிவப்பு வந்தால் சுத்தமான நல்லெண்ணெயா?



கோயில் திருவிழா வந்தால் அன்னதானச் சமையலுக்குச் சாமான் வாங்கும் வேலை பெரும்பாலும் இளைஞர் பிரிவின் தலையில்தான் விழும். பட்டியலில் நல்லெண்ணெயும் இருக்கும். நல்லெண்ணெய் விலை அதிகம், பாமாயில் விலை குறைவு. அளவாகக் கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். "லேப்ல கொடுத்தா தெரிஞ்சிடுமே" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். லேப்பில் எந்தச் சோதனை செய்வார்கள்? அது என்ன சொல்லும், என்ன சொல்லாது? இதுதான் இந்த மாதப் பாடம்.

1. நிறச் சோதனை

எள் எண்ணெய்க்கென்றே உள்ளது பாடோயின் சோதனை. சோதனைக் குழாயில் 5 மில்லி எண்ணெய், 5 மில்லி அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதோடு 2% ஃபர்ஃபுரால் கரைசல் சில சொட்டு. 2 நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு நிறுத்தினால் எண்ணெய் மேலே நிற்கும், அமிலம் கீழே இறங்கும். கீழே உள்ள அமிலம் சிவந்தால் எள் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். எள்ளில் செசமோலின் என்ற பொருள் உண்டு. அமிலம் பட்டதும் அதிலிருந்து செசமால் பிரிந்து வந்து ஃபர்ஃபுராலோடு சேரும். அந்தச் சேர்க்கைதான் சிவப்பு.

இங்கேதான் கவனிக்கணும். சிவந்தால் "எள் எண்ணெய் இருக்கு" என்று அர்த்தம். "எள் எண்ணெய் மட்டும்தான் இருக்கு" என்று அர்த்தம் இல்லை. பாதிக்குப் பாதி பாமாயில் ஊற்றியிருந்தாலும் சிவக்கத்தான் செய்யும்.

இதே சோதனையை இந்தியாவில் வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். நெய்யில் வனஸ்பதி கலப்பது பெரிய தொல்லையாக இருந்தது. அதனால் வனஸ்பதி தயாரிப்பவர்கள் அதில் குறைந்தது 5% எள் எண்ணெய் சேர்க்கவேண்டும் என்று விதி வைத்தார்கள். பிறகு சந்தேகப்பட்ட நெய்யில் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தால் போதும். சிவந்தால் வனஸ்பதி கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். நல்லெண்ணெயில் வரவேண்டிய அதே சிவப்பு, நெய்யில் வரக்கூடாத சிவப்பு. ஆக, நிறம் மட்டும் பதில் ஆகாது. என்ன கேள்வி கேட்டோம் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

2. அயோடின் எண்

"சரி, நிறம் வேண்டாம், எண்ணை அளந்து பார்ப்போம்" என்று நினைக்கலாம். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறதோ, அதுதான் அதன் அயோடின் எண். எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் கூடக்கூட இந்த எண்ணும் கூடும். எள் எண்ணெய்க்கு ஏறக்குறைய 104 முதல் 120 வரை. சூரியகாந்தி எண்ணெய்க்கு 118 முதல் 141 வரை. நாம் வீட்டில் பொரிக்கப் பயன்படுத்தும் பாமாயிலுக்கு 56ஐ ஒட்டி.

ஒரு கணக்குப் போடுவோம். எள் எண்ணெய் 110, பாமாயில் 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80% எள், 20% பாமாயில் என்றால்:

88 + 11.6 = 99.6

104க்குக் கீழே போய்விட்டது, மாட்டிக்கொண்டார்!

ஆனால் கலப்பவரும் கணக்குப் படித்தவராக இருந்தால்? 60% எள், 12% பாமாயில், 28% சூரியகாந்தி (130) என்று கலக்கிறார்:

66 + 7 + 36.4 = 109.4

எண் மறுபடியும் எல்லைக்குள் வந்துவிட்டது. பாட்டிலில் 40% வேறு எண்ணெய், ஆனால் அயோடின் எண் சுத்தமாக இருக்கிறது! எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு கேட்பார்கள். இங்கே எள்ளோடு காய்ந்ததெல்லாம் எள் விலைக்கே போகிறது. இந்த மாதிரிச் சமயத்தில் கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பு போன்ற பெரிய சோதனைகள் தேவைப்படும்.

3. சோப்பு ஆகாத எண்ணெய்

விளக்குக்கு மட்டும் என்று விற்கும் எண்ணெய் சமையலறைக்குள் வரக்கூடாது. அதில் கனிம எண்ணெய் இருக்கலாம். கனிம எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வருவது, கொழுப்பு அமிலம் இல்லாதது. அதனால் காரத்தோடு கொதிக்க வைத்தாலும் சோப்பாக மாறாது. ஹோல்டே சோதனை இதை வைத்துத்தான் நடக்கிறது. ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு எண்ணெயைக் கொதிக்கவைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். சமையல் எண்ணெய் மட்டும் என்றால் கரைசல் தெளிவாக இருக்கும். கனிம எண்ணெய் இருந்தால் கலங்கும்.

4. ஏன் இவ்வளவு கவலை?

1998ல் டில்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. அந்த விதை பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். அதிலுள்ள சாங்குவினரின் என்ற நஞ்சால் கால் வீங்கி, இதயம் பாதிக்கப்பட்டு 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1% கலந்தாலே நோய் வரலாம். ஆனால் அந்த 1% அயோடின் எண்ணை அசைக்கக்கூடச் செய்யாது. அதைப் பிடிக்க அந்த நஞ்சையே தேடும் தனிச் சோதனை வேண்டும். தேடாத பொருள் ரிப்போர்ட்டில் வராது.

5. நாம் செய்யக்கூடியது

அமிலச் சோதனைகளை வீட்டில் செய்யாதீங்க. அது ஆய்வகத்தில், ஆசிரியர் கண் பார்வையில் செய்யவேண்டியது. நம்மால் முடிந்தவை இவை:

• லேபிளைத் திருப்பிப் பாருங்கள். நம் நாட்டு உணவு விதிமுறைகள் 1985இன்படி கலவைப் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதவேண்டும். மலாயில் 'மிஞாக் பிஜான்' என்றால் எள் எண்ணெய், 'மிஞாக் சாவிட்' என்றால் பாமாயில். சாவிட் முதலில் இருந்தால் அது நல்லெண்ணெய் வாசம் உள்ள பாமாயில். சொல்லிவிட்டு விற்கும் கலவை ஏமாற்று அல்ல. படிக்காமல் வாங்குவது நம் தவறு.

• கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஒரு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். நல்லெண்ணெய் தெளிவாகவே இருக்கும். பாமாயில் அதிகம் இருந்தால் கலங்கி அடியில் படியும். இது சந்தேகத்துக்கு மட்டும்தான், தீர்ப்புக்கு அல்ல. சூரியகாந்தி எண்ணெய் இதில் தப்பிவிடும்.

• விளக்கு எண்ணெய்க்கும் சமையல் எண்ணெய்க்கும் தனி அலமாரி, தனிப் பெயர்ச்சீட்டு. இதற்கு ஒரு காசு செலவில்லை.

• லேபிள் இல்லாமல் ஊற்றிக் கொடுக்கும் எண்ணெயை அன்னதானத்துக்கு வாங்காதீர்கள். சந்தேகம் வந்தால் பாட்டிலையும் ரசீதையும் வைத்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரத்தை அதிகாரிகளுக்குக் கொடுத்திருக்கிறது.

பந்தியில் உட்காருபவர் லேபிள் கேட்பதில்லை. கோயில் சாப்பாடு என்ற நம்பிக்கையில் உட்காருகிறார். அந்த லேபிளைப் படிக்கும் வேலை நம்முடையது.

வகுப்பில் கலந்து பேச: ஒரு வியாபாரி "பாடோயின் சோதனையில் தேறியது" என்று ரிப்போர்ட் காட்டுகிறார். நீங்கள் அவரிடம் அடுத்து என்ன கேட்பீர்கள்?