காற்றுப்பட்ட காந்தக்கல்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அரூர் வழியாகத் தீர்த்தமலைக்குச் செல்பவர்கள், அப்பகுதியில் கிடக்கும் சில கற்களைக் கவனித்திருக்கக் கூடும். கறுப்பு ஒரு வரி, வெள்ளை ஒரு வரி என மாறி மாறி அடுக்கினாற்போல் இருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும். வெள்ளை வரி வெங்கச்சங்கல். கறுப்பு வரி மாக்னடைட் எனப்படும் காந்த இரும்புத் தாது. சேலத்தை அடுத்த கஞ்சமலையிலும் இதே வகைப் பாறைதான். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த கிங், புரூஸ் ஃபூட் ஆகிய இருவரும் 1860-களிலேயே இவ்வட்டாரத்து இரும்புப் படுகைகளை விவரித்து எழுதினர். அதற்கும் முன்னர் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலம் பகுதித் தாதுதான் சென்றது.

இக்கற்களின் வெளிப்புறம் செங்காவி நிறம். உடைத்தால் உட்புறம் நல்ல கறுப்பு. ஓடையோரம் கிடந்த ஒரு கல்லை உடைத்து, தரை ஓட்டின் மெருகிடாத பின்புறத்தில் தேய்த்துப் பார்த்தேன். வெளித்தோல் செம்பழுப்புக் கோடு இட்டது. உட்பகுதி கருங்கோடு இட்டது. பிறகு இரண்டையும் தனித்தனியே பொடித்து, காகிதம் சுற்றிய சட்டக் காந்தத்தை அருகே கொண்டு சென்றேன். உட்பொடி முள்ளம்பன்றி போலக் காந்தத்தின் மேல் குத்திட்டு நின்றது. வெளிப்பொடியில் பெரும்பகுதி தாளிலேயே தங்கிவிட்டது. இரண்டிலும் இருப்பது இரும்பும் ஆக்ஸிஜனுமே. அப்படியிருக்கக் காற்று அந்தத் தோலை என்ன செய்தது?

மாக்னடைட்டின் ஓர் அலகில் மூன்று இரும்பு அயனிகளும் நான்கு ஆக்ஸிஜன் அயனிகளும் உள்ளன. மூன்று இரும்பில் இரண்டு ஃபெர்ரிக், ஒன்று ஃபெர்ரஸ். ஃபெர்ரிக் அயனிகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நின்று ஒன்றன் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடுகின்றன. எஞ்சி நிற்பது ஃபெர்ரஸ் அயனியின் 4 போர் மாக்னட்டான் அளவு காந்தத் திருப்புத்திறனே. ஆக்ஸிஜன் தாக்குவதும் இந்த ஃபெர்ரஸ் அயனியைத்தான். அதனிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து ஃபெர்ரிக் ஆக்கிவிடுகிறது.

அவ்வாறாயின் காந்தம் உடனே மறைய வேண்டுமே என்று கேட்கத் தோன்றும். மறைவதில்லை என்பதே இதில் சுவையான செய்தி. எலக்ட்ரான்கள் பறிபோகும்போது இரும்பு அயனிகளில் சில படிகத்தின் மேற்பரப்புக்கு நகர்ந்து விடுகின்றன. அவை இருந்த இடங்கள் காலியாகின்றன. ஆனால் படிகச் சட்டம் பழையபடியே நிற்கிறது. நான்கு ஆக்ஸிஜனுக்கு 4 என்றிருந்த திருப்புத்திறன் சுமார் 3.3 ஆகக் குறைகிறது, அவ்வளவுதான். இந்தப் பழுப்புப் பொருளின் பெயர் மாக்ஹமைட். நம் பெற்றோர் பாட்டுக் கேட்ட ஒலிநாடாக்கள் பலவற்றில் பூசியிருந்தது இதுவே. மேலும் ஆக்ஸிஜன் ஏற்க அதில் ஃபெர்ரஸ் மிச்சமில்லாததால் அது காற்றுக்கு அஞ்சவில்லை.

காந்தம் உண்மையில் சாய்வது அடுத்த கட்டத்தில். படிகச் சட்டமே குலைந்து, அணுக்கள் வேறு ஒழுங்கில் அடுக்கப்பட்டு ஹெமடைட் ஆகும்போது, எதிரெதிர் நிற்கும் அயனிகள் சமமாகி விடுகின்றன. அவற்றுக்கிடையே உள்ள மிகச் சிறிய சாய்வினால் ஒரு துளி காந்தம் மட்டும் மிஞ்சும். மாக்னடைட்டின் தெவிட்டு காந்தமாக்கம் கிராமுக்கு ஏறத்தாழ 92 இ.எம்.யு.; ஹெமடைட்டுக்கு அரை இ.எம்.யு. கூட இல்லை. கல்லின் சிவப்புத் தோல் இந்நிலையை எட்டிய தோல்.

ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையான பாறை இன்னமும் உள்ளே கறுப்பாக இருப்பது எப்படி? அதன் ஆயுளில் பெரும்பகுதி நிலத்தடியில், காற்று எட்டாத ஆழத்தில் கழிந்தது. வெளிவந்த பின்னும் உலர்ந்த காற்று பெரிய படிகத்தை எளிதில் அசைப்பதில்லை. ஈரம் வேண்டும், வெடிப்பு வேண்டும், காலம் வேண்டும். முதலில் தோன்றும் சிவப்புத் தோலே அடுத்து வரும் காற்றுக்குத் திரையாகிறது. ஆனால் அதே மாக்னடைட்டை மிக நுண்ணிய பொடியாக்கித் திறந்து வைத்தால் நாளடைவில் பழுத்துவிடும். பருமனுக்கு ஏற்ற மேற்பரப்பு எவ்வளவு என்பதே கணக்கு.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. நம் மலைகளின் தாதுவில் இரும்பு 35 முதல் 40 விழுக்காடு அளவே. அரைத்துக் காந்தத்தால் பிரித்தால்தான் உலைக்கு ஆகும். காற்றில் மாறிய பகுதியைச் சாதாரணக் காந்தப் பிரிப்பான் பிடிக்காது. அது வெங்கச்சங்கல் பொடியோடு கழிவுக்குப் போய்விடும். எனவே மொத்த இரும்பை மட்டும் அளந்து மலையை மதிப்பிடுவது போதாதென்பது என் கருத்து. ஃபெர்ரஸ் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். கல்லில் வேறு ஃபெர்ரஸ் கனிமம் கலந்திராவிட்டால், மாறாத தாதுவில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு ஃபெர்ரஸாக இருக்கும். குறையக் குறைய காற்று புகுந்தது என்று பொருள். பொட்டாசியம் டைகுரோமேட் கொண்டு தரம் பார்த்தல் நம் வேதியியல் ஆய்வுக்கூடத்திலேயே செய்யக் கூடியது.

இனி மறு எல்லைக்குச் செல்வோம். கல்லின் வரிகள் மில்லிமீட்டர் தடிப்புள்ளவை. குரோமியம் ட்ரைஅயோடைடு என்ற படிகத்திலோ ஓர் அடுக்கின் தடிப்பு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. அடுக்குகளை ஒட்டுநாடாவால் உரித்தெடுக்கலாம். தனி அடுக்கும் காந்தமாக இருக்கிறது என 2017-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினர். ஆனால் 45 கெல்வினுக்குக் கீழேதான். அந்த அடுக்கில் ‘உள்ளே’ என்று ஓரிடமே இல்லை, எல்லாம் தோல். ஈரக்காற்றில் வெளிச்சமும் பட்டால், அயோடின் இருந்த இடத்தில் நீர் புகுந்து, சில நிமிடங்களில் படிகம் துளித்துளியாகக் கரைந்துவிடும். நமது கல்லைப்போல் சட்டத்தைக் காத்துக்கொண்டு மெல்ல மாறும் நடுக்கட்டம் இதற்குக் கிடையாது.

ஆகவே ஆர்கான் அல்லது நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் வைத்து உரிக்கிறார்கள். பின்னர் மேலும் கீழும் போரான் நைட்ரைடு ஏடுகளால் மூடுகிறார்கள். அறுப்பு முடிந்ததும் அரிவாளுக்கு விளக்கெண்ணெய் பூசி வைப்பதும் இதே தத்துவந்தான். ஆனால் அக்கையுறைப் பெட்டியின் விலை நம்மைப் போன்ற கல்லூரிகளுக்கு எட்டாதது.

குரோமியம் சல்ஃபைடு புரோமைடு என்ற மற்றோர் அடுக்குக் காந்தமும் உண்டு. அது காற்றைத் தாங்குகிறது. அதன் காந்த ஒழுங்கு 132 கெல்வின் வரை நிலைக்கிறது. திரவ நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின். ஆகையால் இதற்குத் திரவ ஹீலியம் வேண்டியதில்லை, ஒரு குடுவைத் திரவ நைட்ரஜனே போதும்.