கறிக்கோழித் தீவனமும் பிண்ணாக்கு வகைகளும்

கறிக்கோழிக் குஞ்சு ஆறு வாரங்களுக்குள் இரண்டு கிலோ எடையை எட்டிவிடுகிறது. இவ்விரைவான வளர்ச்சிக்குத் தொடக்கத் தீவனத்தில் ஏறத்தாழ 22 சதவீதம் புரதம் தேவை. தீவனத்தின் பெரும்பகுதியான மக்காச்சோளத்தில் இருப்பதோ சுமார் 9 சதவீதமே. குறையைப் பெரும்பாலும் பிண்ணாக்கே ஈடு செய்கிறது.

நமது விருத்தாசலம் வட்டாரம் நிலக்கடலை விளையும் பூமி. இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த வி.ஆர்.ஐ. ரகங்களை உழவர்கள் நன்கு அறிவர். கடலைப் பிண்ணாக்கில் 40 முதல் 45 சதவீதம் புரதம் உண்டு. சோயாப் பிண்ணாக்கிலும் ஏறத்தாழ அவ்வளவே. அவ்வாறிருக்க, மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளையும் சோயாவைப் பண்ணையாளர்கள் நாடுவது ஏன்?

ஆய்வுக்கூடத்தில் கெல்டால் முறையில் நாம் அளப்பது நைட்ரஜனை. அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்கிறோம். அதில் எந்த அமினோ அமிலம் எவ்வளவு என்பதை இக்கணக்கு காட்டாது. 100 கிராம் சோயாப் புரதத்தில் சுமார் 6 கிராம் லைசின் உள்ளது. கடலைப் புரதத்தில் 3.5 கிராமே. மக்காச்சோளத்திலும் லைசின் குறைவு. பக்கவாட்டில் ஓட்டையுள்ள பானையில் ஓட்டையின் மட்டம் வரைதான் நீர் நிற்கும். அதுபோல, குறைந்துள்ள அமினோ அமிலத்தின் அளவுக்கே குஞ்சும் வளரும்.

சோயாவுக்கும் குறை உண்டு. அதில் மெத்தியோனின் போதாது. மேலும், புரதச் செரிமானத்தைத் தடுக்கும் ஒரு பொருளும் பச்சைச் சோயாவில் உண்டு. பக்குவமாகச் சூடாக்கினால் அது அழியும். எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் மிகுதி, லைசின் குறைவு. சூரியகாந்திப் பிண்ணாக்கில் நார் அதிகம். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் காசிப்பால் என்னும் நச்சுப்பொருள் உண்டு. ஆகவே ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்புவதே சிறந்த முறை. செயற்கை லைசினும் மெத்தியோனினும் இன்று சேர்க்கப்படுகின்றன.

ஆனால் கடலைப் பிண்ணாக்கின் மற்றொரு குறையை எதைச் சேர்த்தும் நிரப்ப இயலாது. 1960 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை தின்ற கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அஃப்ளடாக்சின் எனப்படும் அந்நஞ்சு கல்லீரலைத் தாக்கும். சமையல் சூட்டிலும் அழியாது. கறிக்கோழிக்குச் சிறிதளவு சென்றாலும் வளர்ச்சி குன்றும்.

இதைத் தடுக்கும் இடம் களத்துமேடுதான். மழையில் நனைந்த கடலையைக் குவித்து வைக்காமல் பரப்பி உலர்த்த வேண்டும். பருப்பின் ஈரப்பதம் 8 சதவீதத்திற்கு மேல் இருத்தலாகாது. பூஞ்சை பிடித்ததையும், முளைத்ததையும், உடைந்ததையும் கழித்துவிட்டுச் செக்குக்கு அனுப்ப வேண்டும். நன்கு காய்ந்த கடலையை அளிக்கும் உழவரே கோழிப் பண்ணையின் முதல் மருத்துவர் எனலாம்.