4,000 இலங்கை ரூபாய்க்கு எத்தனை இந்திய ரூபாய்? தேதியைச் சொன்னாதான் விடை!

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட செண்பகத்தோப்புக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டுத் தாத்தாவும் கூட வந்தார். கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல பிறந்தவர். 1970-ல் ராமேஸ்வரம் வழியா தாயகம் திரும்பி, ராஜபாளையத்துல மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஓடைக்கரையில உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிடும்போது கேட்டார்: "தம்பி, வீடியோவுல காசு கணக்கெல்லாம் பேசுறியே, எனக்கு ஒண்ணு சொல்லு. எங்க அண்ணன் 1967 தொடக்கத்துல 4,000 ரூபாயோட வந்தாரு. இங்க 6,300 கிடைச்சதுன்னாரு. நான் மூணு வருஷம் கழிச்சு அதே 4,000 கொண்டு வந்தேன். 5,000 சொச்சம்தான் வந்துச்சு. மிச்சத்தை எவன் எடுத்தான்?"

நடுவுல யாரோ அடிச்சுட்டாங்க, இல்லைன்னா அண்ணன் பெருமைக்குக் கூட்டிச் சொல்றார்னு ஐம்பது வருஷமா நினைச்சிருக்கார். இதனாலயே அண்ணன் தம்பிக்குள்ள ரொம்ப நாள் பேச்சு இல்லையாம். உண்மையில என்ன நடந்ததுன்னு பார்க்கலாம், வாங்க.

1-க்கு 1 இருந்த காலம்

1872-லயே இலங்கை ரூபாய், சதம்னு கணக்கு வைக்க ஆரம்பிச்சது. இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் சம மதிப்பு. 1950 ஆகஸ்ட் 28-ல் இலங்கை மத்திய வங்கி தொடங்கின பிறகும் இது மாறலை. அப்போ ஒரு அமெரிக்க டாலருக்கு ரெண்டு நாட்டுலயும் 4.76 ரூபாய்.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 5,25,000 பேரை இந்தியா ஏற்கணும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரணும்னு முடிவு. திரும்புற குடும்பம் சேமநிதி, பணிக்கொடை உட்பட சொத்தை எடுத்துட்டு வரலாம். அதற்கான உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக் கூடாதுன்னும் அதுல இருந்தது. இந்த 4,000-ஐயே நம்ம உதாரணமா வச்சுக்கலாம்.

ரெண்டு தேதிகள்

முதல் தேதி 1966 ஜூன் 6. ரெண்டு போர், வறட்சி, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, உதவி தர்றவங்களோட நெருக்கடி எல்லாம் சேர்ந்து, இந்திரா காந்தி அரசு ரூபாயின் மதிப்பைக் குறைச்சது. டாலர் 4.76-லிருந்து 7.50 ஆச்சு. இலங்கை அசையலை.

இரண்டாவது, 1967 நவம்பர். பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைச்சது. அதே மாதம் இலங்கையும் தன் ரூபாயை 20% குறைச்சது. டாலருக்கு 5.95. இந்த முறை இந்தியா அசையலை.

ரெண்டு நாணயத்துக்கும் நேரடி விலை தெரியலைன்னாலும், டாலரை நடுவுல வச்சுக் கண்டுபிடிச்சிடலாம். இந்தியாவின் டாலர் விலையை இலங்கையின் டாலர் விலையால வகுங்க, அவ்வளவுதான்.

அதிகாரப்பூர்வ அடிப்படை விகிதப்படி 4,000 இலங்கை ரூபாய்:

- 1966 ஜூனுக்கு முன்: 4.76 ÷ 4.76 = 1. கையில் 4,000.
- 1966 ஜூன் – 1967 நவம்பர்: 7.50 ÷ 4.76 = 1.575. கையில் 6,300.
- அதற்குப் பிறகு, 1970-லும்: 7.50 ÷ 5.95 = 1.26. கையில் 5,040.

அண்ணன் சொன்னதும் சரி, தாத்தா வாங்கினதும் சரி. 1,260 ரூபாயை யாரும் எடுக்கலை; விகிதம்தான் மாறியிருக்கு.

இன்னொரு சந்தேகம் வரும். 1966-ல் 36.5% குறைப்புன்னு படிச்சிருப்பீங்க. அப்புறம் 57.5% எப்படி அதிகம் கிடைச்சது? ஒரு ரூபாயின் மதிப்பு 21 சென்ட்டிலிருந்து 13.33 சென்ட்டாச்சு, அது 36.5% இறக்கம். அதையே டாலர் விலையா பார்த்தா 4.76-லிருந்து 7.50, அது 57.5% ஏற்றம். ரெண்டும் ஒரே சம்பவம்தான்.

அண்ணனுக்கு லாட்டரியான்னா, அதுவும் இல்லை. அப்போ இங்க அடுத்தடுத்து ரெண்டு வருஷம் வறட்சி, உணவுப் பொருள் விலை ஏறிப்போச்சு. நோட்டு 57% கூடினாலும், அரிசி அந்த அளவு கூடுதலா வாங்க முடிஞ்சிருக்காது.

பிறகு தராசு சாய்ஞ்சது

1977 நவம்பர்ல இலங்கை பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, டாலருக்கு 16 ரூபாய்னு தொடங்கி நாணயத்தை மிதக்க விட்டது. இந்தியாவுல டாலர் 8.50-க்குக் கொஞ்சம் மேல. அதே 4,000-க்கு இப்போ 2,100 சொச்சம்தான்! 2022 நெருக்கடியில, மார்ச் தொடக்கத்துல 200 வாக்கில் இருந்த டாலர், மே மாதம் 360 வரை போச்சு. ஒரு இந்திய ரூபாய் நாலரை இலங்கை ரூபாயைத் தாண்டிருச்சு.

நமக்கு என்ன பாடம்?

1. "அப்போ எவ்வளவு?"ன்னு கேட்டா வருஷம் மட்டும் போதாது, மாதமும் வேணும். 1967-லயே ரெண்டு விகிதம் இருந்திருக்கு.
2. வெளிநாட்டுல சம்பாதிச்சு இங்க செலவு செய்யப் போறீங்களா? கல்யாணம், வீடுன்னு தேதி தெரிஞ்ச செலவுக்கான பணத்தை ஒரே நாள்ல மாத்தணும்னு காத்திருக்காதீங்க. பிரிச்சுப் பிரிச்சு அனுப்பினா ஒரே நாள் விகிதத்துல மாட்ட மாட்டீங்க.
3. ஒரு நாட்டுல வட்டி அதிகம்னு மட்டும் பார்க்காதீங்க. 12% வட்டி வந்து, நாணயம் 20% சரிஞ்சா, 100 ரூபாய் உங்க கணக்குல 89.60 தான் (112 × 0.80).

கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன். தாத்தா ரெண்டு தடவை வாசிச்சார். அண்ணன் இறந்து ஒன்பது வருஷம் ஆச்சாம். "அண்ணன் மகனுக்கு ஒரு போன் போட்டுக் குடு தம்பி"ன்னார். போட்டுக் கொடுத்துட்டு நான் பிள்ளைகளோட அணில் பார்க்கப் போயிட்டேன்.

உங்க வீட்டுலயும் பர்மா, மலேயா, இலங்கைன்னு பழைய பணக் கதை இருந்தா, தேதியோட கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல சேர்ந்தே கணக்குப் போடலாம்.