அவையும் ஆவணமும்

விழுப்புரம் மாவட்டத்தில், பெண்ணையாற்றின் தென்பால் அமைந்த பழம்பதி திருவெண்ணெய்நல்லூர். கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளல் வாழ்ந்ததும், சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் விளங்கியதும் இவ்வூரே. அரியதொரு வழக்கை ஆராய்ந்து முடிவு கூறிய பெருமையும் இவ்வூர் அவைக்கு உண்டு. அவ்வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார்.

நம்பியாரூரர் என்னும் சுந்தரருக்குப் புத்தூரில் திருமணம் நிகழவிருந்தது. அப்பொழுது முதியவர் ஒருவர் தோன்றி, ஆரூரர் தமக்கு அடிமை என்றும், அவர் பாட்டனார் எழுதித் தந்த ஓலை தம்மிடம் உண்டு என்றும் வழக்குரைத்தார். சினங்கொண்ட ஆரூரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். முதியவரோ சிறிதும் தளராது, மூலவோலையை வெண்ணெய்நல்லூர் அவையில் காட்டுவேன் என்றார்.

அவையோர் முதியவர் கூற்றை உடனே ஏற்றிலர். ஆரூரர் மறுத்தமை பற்றி அதனைத் தள்ளவும் இல்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் வழக்கை மெய்ப்பிக்குமாறு பணித்தனர். மூலவோலை படிக்கப்பெற்றது. சான்றாளரின் கையெழுத்து ஆராயப்பெற்றது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையும் காப்பிலிருந்து வருவிக்கப்பெற்றது. இரண்டன் எழுத்தும் ஒத்தன. ஆதலின் ஆரூரர் தோற்றார் என அவை முடிவு கூற, அவரும் அதற்கு உடன்பட்டார். முதியவராய் வந்தவர் இறைவனே என்பர். இறைவனும் தம் உரிமையை அவைமுன் நிறுவியே பெற்றார் என்பது நாம் கருதத்தக்கது.

நாடாளும் உரிமைக்கும் இதுவே நெறி. நம் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் 543 பேர். அவருள் 272 பேரின் ஆதரவு பெரும்பான்மையாகும். அவ்வெண்ணிக்கையை எக்கட்சியும் தனித்துப் பெறாதபொழுது, கட்சிகள் பல கூடி அரசமைக்கின்றன. அதுவே கூட்டணி அரசு. ஓர் அமைச்சரவைக்குப் பெரும்பான்மை உண்டா என்பதில் ஐயம் எழுந்தால், ஆளுநர் தம் கருத்தைக் கொண்டு முடிவு செய்தல் முறையன்று. அவையிலேயே அதனை ஆய்ந்தறிதல் வேண்டும். எஸ். ஆர். பொம்மை வழக்கில் 1994ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இதனை வலியுறுத்தியது.

இந்நெறிக்குச் சிறந்த சான்று 1999ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதற்கு முந்திய ஆண்டில், கட்சிகள் பலவற்றின் துணைகொண்டு வாஜ்பாய் தலைமை அமைச்சரானார். பின்னர் 18 உறுப்பினரைக் கொண்டிருந்த அ.இ.அ.தி.மு.க. தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஏப்பிரல் 17ஆம் நாள் அவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடைபெற்றது. அரசுக்கு ஆதரவாக 269 வாக்குகளும் எதிராக 270 வாக்குகளும் விழுந்தன. ஒரே வாக்கால் அமைச்சரவை வீழ்ந்தது. படை எழவில்லை, வாள் உருவப்படவில்லை. பெருநாட்டின் தலைமை அமைச்சர் அவையின் முடிவுக்குத் தலைவணங்கினார். அடுத்து நிகழ்ந்த தேர்தலில் மக்கள் ஆதரவு பெற்று, அவரே மீண்டும் அப்பதவியை ஏற்றார்.

எனினும், அடிக்கடி அரசு வீழ்தல் நாட்டுக்கு நலமன்று. 1996, 1998, 1999 என நான்கு ஆண்டுகளுக்குள் மும்முறை பொதுத்தேர்தல் நடத்த நேர்ந்தது. கூடியவர்கள் எதற்காகக் கூடினர் என்பது தெளிவாக இருத்தல் வேண்டும். 2004ஆம் ஆண்டில் மன்மோகன் சிங் தலைமையில் அமைந்த கூட்டணி, தன் நோக்கங்களைக் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டமாக எழுதி வெளியிட்டது. இடதுசாரிக் கட்சிகள் அமைச்சரவையிற் சேராது வெளியிலிருந்து ஆதரவளித்தன. அமெரிக்காவுடன் செய்யவிருந்த அணு உடன்படிக்கை பற்றி 2008ஆம் ஆண்டில் வேற்றுமை முற்றவே, அவை விலகின. அப்பொழுதும் வழக்கு அவைக்கே சென்றது. 275 வாக்குகள் ஆதரவாகவும் 256 எதிராகவும் விழ, அரசு நிலைத்தது.

எழுதிய ஓலை பிரிவைத் தடுத்துவிடாது என்பது உண்மையே. ஆனால், தந்த சொல் எது, தவறியவர் யார் என மக்கள் ஆராய்தற்கு அது கருவியாகும். ஓலையைக் கிழித்தல் எளிது. அதிற்கண்ட சொல்லிலிருந்து நீங்குதல் எளிதன்று.

2024ஆம் ஆண்டுத் தேர்தலிலும் எக்கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை வாய்க்கவில்லை. 240 இடங்கள் பெற்ற பாரதிய ஜனதா கட்சி, தோழமைக் கட்சிகளோடு கூடி 293 உறுப்பினருடன் அரசமைத்தது. இவ்வாறு ஆட்சி பல கைகளால் தாங்கப்படும் காலத்தில், ஒவ்வோர் உறுப்பினரின் சொல்லுக்கும் எடை மிகுகின்றது. அவ்வுறுப்பினரை அனுப்புவது சிற்றூர் வாக்காளர் அளிக்கும் வாக்கேயாம். இன்று பள்ளியில் பயில்வோர் 18 வயது நிரம்பியதும் அவ்வுரிமையைப் பெறுவர். அன்று வெண்ணெய்நல்லூர் அவையோர் முகம் நோக்காது சான்று நோக்கியவாறே, அவர்களும் ஆராய்ந்து வாக்களித்தல் கடனாகும்.

பயிற்சி வினாக்கள்

1. வெண்ணெய்நல்லூர் அவையோர் வழக்கை ஆராய்ந்த முறை யாது?
2. கூட்டணி அரசு என்பது யாது? அது எப்பொழுது அமைகின்றது?
3. ஒரு வாக்கின் பெருமையை 1999ஆம் ஆண்டு நிகழ்ச்சி கொண்டு விளக்குக.